‘ரீகாண்ட்’ போடலாமா, மிஸ்?

போன தவணையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு பந்தி எழுதக் கொடுத்தேன். ஒரு கட்சியோ ஓர் ஆளோ முன்பு நம்பிய ஒன்றை விட்டுவிட்ட கதை, ஆங்கிலத்தில். ஹட்டன் பிள்ளைகளுக்கு அரசியல் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தோட்டக் கமிட்டித் தலைவர், மாவட்டத் தலைவர், சந்தா, வேலைநிறுத்தம் எல்லாம் லயத்து வாசலிலேயே படித்துவிடுகிறார்கள். முக்கால்வாசிப் பேர் ஜே.வி.பி.யைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒரு காலத்தில் நம்மை இந்தியாவின் ஆட்கள் என்று வகுப்பெடுத்த கட்சி, இப்போது நம்மிடமே வந்து வாக்கு வாங்கிப் போயிருக்கிறதே, அதை எழுதாமல் வேறு எதை எழுதுவது?

விஷயத்தில் எல்லாரும் ஒன்று. சண்டை வினைச்சொல்லில்தான். ஒருத்தி ‘ரீகாண்டட்’ என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் ‘ரினௌன்ஸ்ட்’. டிக்கோயாவிலிருந்து வரும் பையன் ‘அபேண்டண்ட்’. மூன்று கொப்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “எது சரி மிஸ்? டிக்ஷனரியில மூணுக்கும் கைவிடுதல்னுதான் போட்டிருக்கு” என்றார்கள். வகுப்பு முடியப் பத்து நிமிடம் இருந்தது. பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற காரியம் இல்லை இது. ஆகவே இங்கே நீட்டி எழுதுகிறேன். வகுப்பில் இல்லாதவர்களும் வாசிக்கலாம். பரீட்சைக்கு வராது, பயப்பட வேண்டாம்.

அகராதி பொய் சொல்லவில்லை. இவை எல்லாம் கைவிடுதல்தான். ஆனால் ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் என்ன விட்டான் என்பதை மட்டும் சொல்வதில்லை. விடும்போது பக்கத்தில் யார் நின்றார்கள், அவன் வாயைத் திறந்தானா, திறந்தால் ‘நான் நினைத்தது பிழை’ என்று சொன்னானா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றன. எழுதுகிறவருக்கு அது தெரியாவிட்டால், தெரியாமலே ஒருவர்மேல் பழி போட்டுவிடுவார். சிலருக்கு, அவர் சம்பாதிக்காத நற்பெயரையும் கொடுத்துவிடுவார்.

முதலில் ‘ரீகாண்ட்’. இது லத்தீனில் பாடுதலிலிருந்து வந்த சொல். நம் ஊரில் ஓர் ஆள் பேச்சை மாற்றினால் “பாட்டை மாத்திட்டான்” என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதே பிறப்பு. ஆனால் ஆங்கிலச் சொல்லுக்குக் கண்டிப்பு அதிகம். நீங்கள் அந்தக் கருத்தை ஏற்கெனவே பகிரங்கமாகச் சொல்லியிருக்க வேண்டும். பிறகு, அதே பகிரங்கத்தில், அது பிழை என்று உங்கள் வாயாலேயே திருப்பி எடுக்க வேண்டும். அநேகமாக உங்கள் கழுத்தில் யாரோ ஒருவர் கை இருக்கும். 1633 ஜூன் 22இல் ரோமில் மண்டியிட்டு, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்தை மறுத்து வாசித்த கலிலியோவுக்கு அப்போது வயது 69. எழுந்து போகும்போது ‘ஆனாலும் சுற்றத்தான் செய்கிறது’ என்று முணுமுணுத்தார் என்பது பிற்காலத்தில் யாரோ கட்டிவிட்டது. அந்தக் கதை ஏன் இவ்வளவு நாள் நிலைத்தது என்று யோசித்தால் சொல்லின் குணம் விளங்கும். ‘ரீகாண்ட்’ என்ற சொல்லைக் கேட்டவுடனே, உள்ளே வேறு நினைப்பு இருக்கிறது என்று நாம் சந்தேகப்படுகிறோம். சத்தியம் செய்து மறுத்தால் அதற்கு ‘அப்ஜூர்’ என்று இன்னும் கனமான ஒரு சொல் இருக்கிறது. கலிலியோ செய்தது சரியாகச் சொன்னால் அதுதான்.

இன்னொருவர் கான்டர்பரி பேராயர் தோமஸ் க்ரான்மர். உயிருக்காகத் தன் புரட்டஸ்தாந்து நம்பிக்கையைப் பிழை என்று திரும்பத் திரும்ப எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டும் 1556 மார்ச் 21இல் அவரை எரிக்கத்தான் கொண்டுபோனார்கள். கடைசி நேரத்தில், தான் ‘ரீகாண்ட்’ பண்ணியதையே ‘ரீகாண்ட்’ பண்ணிவிட்டு, பொய்க் கையெழுத்துப் போட்ட வலது கையை முதலில் நெருப்பில் நீட்டினார். இதை வகுப்பில் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேனாவைத் தொடவில்லை.

இப்போது ஜே.வி.பி.க்கு வருவோம். கட்சியைத் தொடங்கிய ரோகண விஜேவீரவின் ‘ஐந்து வகுப்புகள்’ பற்றி உங்கள் தாத்தாமாருக்குத் தெரியும். 1971 ஏப்ரல் கிளர்ச்சிக்கு முன்பு, கட்சியில் சேரும் இளைஞர்களுக்கு வரிசையாக எடுத்த பாடங்கள். அவற்றில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம். இந்திய முதலாளி இந்தத் தீவை விழுங்கப் பார்க்கிறான், தோட்டத் தொழிலாளி அதற்கு உள்ளே இருந்து உதவுகிற கூட்டம் என்பது அதன் சாரம். கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய பெண்கள் டில்லியின் படையணியாகத் தெரிந்திருக்கிறார்கள்! 1987இல் இந்திய அமைதிப்படை வந்ததும் அந்தப் பாடம் பழைய வேகத்தோடு திரும்பி வந்தது. இந்தியச் சாமான் விற்கக்கூடாது, வாங்கக்கூடாது என்று துண்டுப்பிரசுரம். பம்பாய் வெங்காயத்தைப் பம்பாய் வெங்காயம் என்று சொல்லக் கடைக்காரர் பயந்த காலம் அது.

பிறகு என்ன நடந்தது? 1989 நவம்பரில் விஜேவீர கொல்லப்பட்டார். கட்சி தேர்தல் அரசியலுக்கு வந்தது. 2014இல் அநுர குமார திசாநாயக்க பிபிசி பேட்டியில் கிளர்ச்சிக் காலக் கொலைகளுக்கு மன்னிப்புக் கேட்டார். 2023 ஒக்டோபர் 15இல் ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்தி இதே ஹட்டனில், மலையக மக்களின் அடையாளத்தையும் காணி, வீட்டு உரிமையையும் பேசும் ஹட்டன் பிரகடனத்தை வெளியிட்டது. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தையும் வென்றது. ஜனாதிபதி அநுர முதல் வெளிநாட்டுப் பயணமாகப் போனது புதுடில்லிக்கு.

இதில் எந்த இடத்திலாவது அந்த வகுப்பு பிழை என்று யாராவது எழுந்து சொன்னார்களா? மன்னிப்புக் கேட்டது கொலைகளுக்கு. செய்ததற்கு மன்னிப்புக் கேட்பது வேறு, நினைத்ததைப் பிழை என்பது வேறு. முதலாவதற்கு ‘அப்பாலஜைஸ்’ என்று ஒரு சொல் தனியாகவே இருக்கிறது. பிரகடனம் இனி என்ன செய்வோம் என்பதைச் சொல்கிறது. முன்பு என்ன சொன்னோம் என்பது அதன் வேலை அல்ல. ஆகவே ‘ரீகாண்டட்’ என்று எழுதிய பிள்ளை, கட்சி செய்யாத ஒரு பெரிய காரியத்தைச் செய்ததாகப் பெயர் கொடுத்திருக்கிறாள். ‘ரினௌன்ஸ்ட்’ என்பதும் அதே கொடைதான்.

என்னைக் கேட்டால் ‘ட்ராப்’. ‘தே ட்ராப்ட் இட்.’ ஓரசைச் சொல். பிள்ளைகளுக்கு முகம் சுருங்கிவிட்டது, இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இவ்வளவு சின்னச் சொல்லா என்று. ஆனால் நடந்தது அதுதானே. பாடத்திட்டத்திலிருந்து ஒரு பாடத்தை எடுத்துவிட்டார்கள். ஏன் எடுத்தோம் என்று சொல்லவில்லை. கீழே போட்டதைக் குனிந்து எடுத்துக்கொள்ளலாம், 1987இல் எடுத்த மாதிரி. வாய் திறந்து பிழை என்று சொல்லியிருந்தால் குனிகிறபோது கொஞ்சம் முதுகு கூசும். இதனால் இப்போதைய கட்சிக்காரர்களின் மனதில் கள்ளம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. நம்மோடு நின்று பேசுகிற இளைஞர் பலர் அந்த வகுப்பைக் கேட்டே இருக்க மாட்டார்கள். விடுவதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை. ஒரு கட்சி ஒரு நம்பிக்கையை விடுவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது, நம்பினவர்கள் போய் நம்பாதவர்கள் வந்து உட்காருவதால்.

இ.தொ.கா.வும் ஒன்றை ‘ட்ராப்’ பண்ணியது. 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் என்று பிறந்து, அடுத்த வருடம் அதன் தொழிற்சங்கமாக வளர்ந்தது, 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனபோது ‘இந்தியன்’ என்ற சொல் பெயர்ப்பலகையிலிருந்து போயிற்று. அதற்கு யாரும் மண்டியிடவில்லை. பெயிண்டர் கூலியோடு முடிந்தது.

இனி ‘ரினௌன்ஸ்’. இது அறிவித்து விடுவது. ஆள் தன் விருப்பத்தில், நாலு பேர் முன்னால், ‘இது இனி எனக்கு வேண்டாம்’ என்கிறார். தேவாலயத்தில் ஞானஸ்நானத்தின்போது பிசாசையும் அதன் கிரியைகளையும் விடுகிறேன் என்று சொல்ல வைக்கிறார்களே, ஆங்கில ஜெபப் புத்தகத்தில் அந்த இடத்தில் இருப்பது இந்தச் சொல்தான். துறவிக்கும் இதுதான், பட்டத்தை விட்ட ராஜாவுக்கும் இதுதான். சட்டத்தில் பிரஜாவுரிமையை விடுவதற்கும் இதுதான். அந்தக் கடைசிப் பாவனையில்தான் நம் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள்.

‘அவர் க்ராண்ட்பேரண்ட்ஸ் ரினௌன்ஸ்ட் தெயர் சிட்டிசன்ஷிப் இன் 1948.’ வருடாவருடம் ஏதாவது ஒரு கொப்பியில் இந்த வாக்கியம் வந்துவிடுகிறது. சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு இழுப்பதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது நம் ஆட்கள் எதையும் விடவில்லை. அவர்களுக்கு இல்லை என்று ஆக்கப்பட்டது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு ஏழு பேர் பாராளுமன்றத்தில் இருந்தார்கள். 1949இல் வாக்குரிமையும் போனபின், 1952 தேர்தலில் ஒருவரும் இல்லை. பறித்தவன் ஒருவன் இருக்கும்போது, பறிகொடுத்தவனை எழுவாயாக வைத்து ‘விட்டான்’ என்று எழுதக்கூடாது. ‘வேர் டிப்ரைவ்ட் ஆஃப்’ என்று செயப்பாட்டு வினையில் எழுதுங்கள். செயப்பாட்டு வினை பலவீனமான நடை என்று சொல்லிக்கொடுக்கிற புத்தகங்களை இந்த ஒரு வாக்கியத்துக்கு மூடி வைத்துவிடுங்கள்.

‘ரினௌன்ஸ்’ பண்ணச் சொல்லி அரசாங்கமே படிவம் நீட்டிய காலமும் ஒன்று வந்தது. 1983 ஜூலைக் கலவரம் அடங்கி முடியவில்லை, ஆகஸ்ட் மாதமே அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் நிறைவேறியது. தனிநாடு கேட்பது குற்றம். பாராளுமன்ற உறுப்பினர் முதல் அரச உத்தியோகத்தர் வரை சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். அப்பா அப்போது ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். எரிந்த கடைகளைத் தாண்டி நடந்து போய்ச் சத்தியக் கடதாசியில் கையெழுத்துப் போட்டதை இப்போதும் சொல்வார். “எங்கிட்ட இல்லாததை விடச் சொல்லிக் கையெழுத்து வாங்குனாங்க” என்பது அவர் கணக்கு.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. 1976 மே 14 வட்டுக்கோட்டை மாநாட்டில் தமிழீழத் தீர்மானம் நிறைவேறியபோது, தமிழர் விடுதலைக் கூட்டணியின் தலைவர்களில் ஒருவராக இருந்த சௌமியமூர்த்தி தொண்டமான் அதில் இ.தொ.கா.வைச் சேர்க்கவில்லை. மலைநாட்டைச் சுற்றிச் சிங்கள ஊர்கள் இருக்கும்போது அந்தத் தீர்மானம் நமக்குப் பொருந்தாது என்பது அவர் நிலை. 1978இல் அவர் ஜே.ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவைக்கே போய்விட்டார். 1983இல் தொண்டமான் சத்தியம் செய்தார் என்றால் அது ‘ரினௌன்ஸ்’ ஆகாது. ஆரம்பத்திலிருந்தே என்னுடையது அல்ல என்று சொல்லித் தள்ளிவைப்பது ‘டிஸவவ்’. அப்பாவுக்கும் அதே சொல். அமிர்தலிங்கமும் தமிழர் விடுதலைக் கூட்டணியினரும் சத்தியம் செய்ய மறுத்தார்கள், ஆசனங்கள் போயின. அவர்கள் அந்தக் கடதாசியில் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் அது ‘ரினௌன்ஸ்’ ஆகியிருக்கும்.

அந்தச் சத்தியத்தின் ஆங்கில வாசகத்தை ஒருநாள் நேரம் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கு அது ஒரு விருந்து. தனிநாட்டை நான் என்னென்ன செய்ய மாட்டேன் என்று வரிசையாக ஆறு வினைச்சொற்கள்: சப்போர்ட், எஸ்பௌஸ், ப்ரமோட், ஃபைனான்ஸ், என்கரேஜ், அட்வகேட். காசு கொடுப்பதிலிருந்து கொள்கையாகத் தழுவுவது வரை எதையும் விடவில்லை. எழுதின சட்டத்தரணி நிதானமாக உட்கார்ந்து ஓட்டை ஓட்டையாக அடைத்திருக்கிறார். ஆனால் ஒரு சொல் அதில் இல்லை. ‘பிலீவ்’ இல்லை. நம்ப மாட்டேன் என்று சத்தியம் வாங்க முடியாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. கலிலியோவிடம் வாங்கியவர்கள் அந்த இடத்தில் இவ்வளவு கெட்டிக்காரர்கள் இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் இந்தச் சத்தியத்துக்கு ஒரு மூத்த அண்ணன் இருக்கிறது. 1963இல் இந்திய அரசியலமைப்பின் பதினாறாம் திருத்தம், தேர்தலில் நிற்கிறவர் நாட்டின் இறைமையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்றது. தி.மு.க.வின் அண்ணா திராவிட நாட்டுக் கோரிக்கையை விட்டார். இங்கே தோட்டங்களுக்குள்ளும் இளஞ்செழியன் தலைமையில் இலங்கைத் திராவிடர் முன்னேற்றக் கழகம் இயங்கிய காலம் என்பதால், நம் ஆட்கள் அதை வேறு நாட்டுச் செய்தியாகக் கேட்கவில்லை. அண்ணா ஒன்றும் மறைக்கவில்லை. கோரிக்கையை விடுகிறோம், கேட்டதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றார். அதனால் அவருக்கு ‘ரீகாண்ட்’ போடவே முடியாது. ‘ரினௌன்ஸ்’ கூடக் கொஞ்சம் இறுக்கம். ‘கிவ் அப்’ சரியாக உட்காருகிறது. கையிலிருந்ததை விட்டார், மனதிலிருந்ததை விட்டதாகச் சொல்லவில்லை. பேசியதும் இருக்கிறது என்றுதான். இப்படி விடுவதை நேர்மையான விடுதல் என்பேன். சிலர் இதைச் சாமர்த்தியம் என்பார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது என்று சட்டமா?

கட்சிக்காரர்களை விடுங்கள். ஒரு தனி ஆள், யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல் நம்புவதை நிறுத்துவது எப்படி என்பதற்கு எங்கள் அப்பாயி.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்களாக இருந்த நம் ஆட்கள் 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. 1974இல் அந்த மிச்சத்தையும் 75,000 வீதம் சரிபாதியாகப் பிரித்தார்கள். தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். பாஸ்போட் வந்தது. அதற்கப்புறம் சேவைக்காலப் பணம், ஈ.பி.எஃப்., அந்தக் கந்தோர், இந்தக் கந்தோர் என்று வருடங்கள் போயின. முன்னால் போனவர்கள் மண்டபம் முகாமிலிருந்து கடிதம் போட்டார்கள். சிலர் நீலகிரிக்குப் போய், அரசாங்கத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் திரும்பவும் கொழுந்து பறிப்பதாக எழுதினார்கள். இதற்காகவா ரயில் ஏறிக் கப்பல் ஏறிப் போனார்கள் என்று லயத்தில் பேச்சு.

அப்பாயி நம்பியது ஒப்பந்தத்தை அல்ல. துறையூர்ப் பக்கம் தனக்கு ஒரு ஊர் இருக்கிறது, அங்கே போய்த்தான் கட்டை வேகும் என்று நம்பினார். அந்த ஊரை அவர் பார்த்ததே இல்லை. அவருடைய அம்மா பார்த்திருக்கிறார். தகரப் பெட்டியில் கப்பலுக்கென்று ஒரு புதுச் சேலை, அரக்கு நிறம், மஞ்சள் கரை, நப்தலின் உருண்டை போட்டு மடித்தது. வீட்டில் எந்த நல்லது வந்தாலும் அது வெளியே வராது. ‘அது ஊருக்குப் போறப்ப’ என்பார். 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நின்றது. அப்போதும் சேலை பெட்டியில்தான் இருந்தது. அப்புறம் ஒரு வருடம் தோட்டத்து மாரியம்மன் தேருக்கு அதைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளுத்து, கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அத்தைமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கேட்கவில்லை. தேங்காய்த் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, “தேர் எங்க இன்னும் கிளம்பல?” என்றார்.

இதற்கு என்ன வினைச்சொல்? ‘ரினௌன்ஸ்’ இல்லை, அவர் அறிவிக்கவில்லை. ‘ரீகாண்ட்’ இல்லை, ஊர் இல்லை என்று ஒருநாளும் சொல்லவில்லை. ‘லாஸ்ட் ஹெர் பிலீஃப்’ என்று எழுதலாம்தான், ஆனால் ‘லூஸ்’ என்றால் தவறிப் போனது என்று ஒரு துக்கம் வருகிறது. அவர் முகத்தில் அன்றைக்குத் துக்கம் இல்லை. ‘ஃபோர்ஸேக்’ என்பது விட்டவன்மேல் குற்றம் சொல்கிற சொல், பைபிள் வாசனை அடிக்கும். அதுவும் வேண்டாம். கடைசியில் ‘ஸ்டாப்ட் பிலீவிங்’ என்ற மொட்டைத் தொடர்தான் மிஞ்சுகிறது. பெரிய லத்தீன் சொற்கள் எல்லாம் சபைக்கும் நீதிமன்றத்துக்கும் என்று செய்யப்பட்டவை. வீட்டுக்குள் நடப்பதற்கு ஆங்கிலக்காரரும் சின்னச் சொற்களைத்தான் வைத்திருக்கிறார்கள்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது, ஆட்கள் வரிசையில் நின்று படிவம் கொடுத்தார்கள், சமாதான நீதவான் ஒப்பத்தோடு. 1,90,000க்கு மேற்பட்டவர்கள் அந்தச் சில நாட்களில் இலங்கைப் பிரஜைகள் ஆனார்கள். அப்பாயியும் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். எப்போதிருந்து உங்களுக்கு இதுதான் ஊர் என்று படிவத்தில் ஒரு கேள்வி இல்லாதது நல்லதாயிற்று.

கடைசியாக ‘அபேண்டன்’. டிக்கோயாப் பையன் ஜே.வி.பி.க்குப் போட்ட சொல். ஜே.வி.பி.க்கு அது அளவில் பெரிசு. ஏனென்றால் ‘அபேண்டன்’ பண்ணுவதற்கு முதலில் அந்த நம்பிக்கைக்காக நீங்கள் செலவு செய்திருக்க வேண்டும், அதன்மேல் மற்றவர்கள் ஏறி நின்றிருக்க வேண்டும். நடுக்கடலில் கப்பலை விட்டு இறங்குவதற்கு இந்தச் சொல்தான். மலையகத்துக்குத் தெரிந்த மிகச் சரியான உதாரணம் லங்கா சமசமாஜக் கட்சி.

1940 ஜனவரி 10இல் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் செத்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் தியாகி என்று மேடையில் அவர் பெயரைச் சொல்லாத மேதினம் இல்லை. விசாரணைக் கமிஷன் முன் கோவிந்தனின் மனைவிக்காக எழுந்து நின்றவர் டொக்டர் கொல்வின் ஆர். டி சில்வா, சமசமாஜிகளின் சட்ட மூளை. பொலிசையும் தோட்ட நிர்வாகத்தையும் குறுக்கு விசாரணையில் உரித்தெடுத்தார். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை அவருடைய கட்சி எதிர்த்தது. 1956இல் சிங்களம் மட்டும் வந்தபோது இரண்டு மொழிக்கும் சம அந்தஸ்து என்று நின்றது. அந்த வருடம் அப்படிப் பேச நெஞ்சில் உரம் வேண்டும். கூட்டங்களில் கல் எறிந்தார்கள்.

பிறகு 1964 ஜூன். சமசமாஜக் கட்சி சிறிமாவோவின் கூட்டரசாங்கத்தில் சேர்ந்தது, என்.எம். பெரேரா நிதியமைச்சர். ட்ரொட்ஸ்கியவாதிகளின் நான்காம் அகிலம் கட்சியை வெளியே தள்ளியது. நாலு மாதத்தில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 1966 ஜனவரி 8இல் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்து வீதிக்கு வந்த கூட்டத்தில், பண்டாரநாயக்கக் கட்சியோடு சமசமாஜிகளும் இருந்தார்கள். பிரதமர் டட்லி சேனநாயக்கவின் வயிற்றில் மசாலா வடை என்று கோஷம் போட்ட காலம். 1970இல் கொல்வின் அமைச்சரானார். எந்த அமைச்சு தெரியுமா? பெருந்தோட்டத் தொழில், கூடவே அரசியலமைப்பு விவகாரம். அவர் கையால் வரைந்த 1972 யாப்பு சிங்களத்தை மட்டும் அரச கருமமொழியாக எழுதி வைத்தது. அந்த அமைச்சுக் காலத்திலேயே தோட்டங்களில் பஞ்சம், 1973, 74. கோதுமை மாவுக்குக் கியூவில் நின்றவர்களையும், பசியில் செத்தவர்களையும் பற்றி இன்றும் வீட்டில் சொல்ல ஆள் இருக்கிறது.

இதற்கு ‘ரீகாண்ட்’ போடலாமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். போட முடியாது. சம அந்தஸ்து பிழையான கொள்கை என்று கொல்வின் ஒருநாளும் சொன்னதாக இல்லை. அதுதான் எனக்கு அந்த மனிதரில் விளங்காத இடம். பிழை என்று நினைத்து மாறியிருந்தால் வாதாடிப் பார்க்கலாம். சரி என்று நினைத்துக்கொண்டே இறங்கிப் போனார்கள், பாட்டாளி அரசாங்கத்துக்கு இது படிக்கட்டு என்று. ‘அபேண்டன்’ என்ற சொல் அதைச் சரியாகச் சொல்கிறது: கொள்கை அப்படியே நல்ல நிலையில் இருக்கிறது, ஆளில்லை. ‘பிட்ரே’ என்று எழுதியிருந்த ஒருவனுக்கு அதை அடித்துவிட்டேன். துரோகம் என்பது தீர்ப்பு. அது வேண்டுமென்றால் பந்தியின் கடைசியில், கணக்கெல்லாம் காட்டிவிட்டு எழுதலாம். முதல் வரியில் எழுதினால் மேற்கொண்டு வாசிக்க ஒன்றும் இருக்காது.

‘அபேண்டன்’ இன்னொரு விதத்திலும் ‘ரீகாண்ட்’டிலிருந்து வேறு. ‘ரீகாண்ட்’ பேச்சைத்தான் எடுக்கும். ‘அபேண்டன்’ கொள்கையையும் எடுக்கும், ஆட்களையும் எடுக்கும், பெற்ற பிள்ளையைக்கூட. கொட்டகலையிலிருந்து வரும் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு சமசமாஜிகளைப் பற்றி இரண்டு வாக்கியம் எழுதிக்கொண்டு வந்தாள். ஒன்றில் அவர்கள் விட்டது மொழிச் சமத்துவத்தை. மற்றதில் நம்மை. எதை வைத்துக்கொள்வது, எதை அடிப்பது என்று கேட்டாள். இரண்டையும் வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் திகதி போடு, திகதி இல்லாமல் குற்றம் சொல்லக்கூடாது என்றேன். முதலாவதற்கு 1966 என்று உடனே போட்டுவிட்டாள். இரண்டாவதற்கு 1964 என்று எழுதிவிட்டு, பேனாவைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:

“ஜூனா, ஒக்டோபரா மிஸ்?”